ஏழாவது வரி

புதிதாக வேலைக்குச் சேர்பவர்களின் முறைப்பாடு ஒன்று அடிக்கடி என் காதுக்கு வருகிறது. காலையில் முதியவர்களின் வீட்டுக்குள் போய்ச் சரிபார்ப்புப் பட்டியலைத் திறந்தால் கைபேசி ஏழாவது வரியில் நின்றுவிடுகிறது. பிரிட்ஜ் கதவைப் படம் எடுத்து அனுப்பினால்தான் எட்டாவது வரிக்கு விடும். பனியில் நனைந்த கையுறையைக் கழற்றி, மூக்குக் கண்ணாடியைத் துடைத்து, ஒவ்வொரு நாளும் அதே கதவை ஏன் படம் எடுக்க வேண்டும் என்று கேட்கிறார்கள். என் பிரியாவிடைத் தேநீரின்போதும் ஒருவர் கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். அந்த வரிக்குப் படம் வந்ததற்குக் காரணம் நான்தான்.

யாழ்ப்பாணத்தில் ஒன்பது ஆண்டுகள் பத்திரிகையில் வேலை செய்தேன். ரொறொன்ரோவுக்கு வந்து பாத்திரம் கழுவினேன், பிளாஸ்டிக் தொழிற்சாலையில் நின்றேன், பாதுகாப்பு ஊழியரின் சீருடை போட்டேன். ஐம்பது வயதில் எட்டு மாதப் பராமரிப்புப் பயிற்சி எடுத்துக்கொண்டு முதியோர் வீடுகளில் வேலை தொடங்கினேன். கடைசி ஆறு ஆண்டுகள் வோபர்னில் ஒரு வீட்டுக்குப் பொறுப்பாளர். அது முதியோர் இல்லம் அல்ல. மூன்று முதியவர்கள் ஆளுக்கொரு அறையில் இருந்துகொண்டு ஒரு சமையலறையை, ஒரு குளியலறையை, ஒரு பிரிட்ஜைப் பகிர்ந்துகொள்ளும் சாதாரண வீடு. நான் காலை எட்டு மணிக்குப் போவேன், நாலு மணிக்குத் திரும்புவேன். இரவில் ஊழியர் இல்லை.

எனக்கு மேலதிகாரி பெவர்லி; இப்படிப் பல வீடுகள் அவர் பொறுப்பில். டிரினிடாட்டைச் சேர்ந்தவர்; முப்பது ஆண்டுகள் தாதியாக இருந்தவர். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. வெள்ளிக்கிழமைகளில் அந்த வாரத்துப் பட்டியல்களை மேசையில் வைத்து, ஒவ்வொரு வரிக்கும் கீழே கோடு போடும் அடிமட்டத்தை நகர்த்தி நகர்த்தி வாசிப்பார். பதினொரு வரிகள்: புகை எச்சரிக்கை மணி, அடுப்பு, மருந்துப் பெட்டி, வாசல் படியில் உப்பு, இப்படி. ஏதாவது ஒரு வரியில் அடிமட்டம் நின்றால் ஒரே கேள்விதான் கேட்பார்: பார்த்து எழுதினீர்களா, தெரிந்து எழுதினீர்களா? ஒருமுறை புகை மணிக்கு நேரே சரி போட்டிருந்தேன். போன வாரம் வேலை செய்தது என்று பதில் சொன்னேன். அவர் பேனாவின் மூடியைப் பூட்டினார். அவருக்குக் கோபம் வந்தால் அதுதான் அடையாளம். பிறகு காரை எடுத்துக்கொண்டு இருபது நிமிடம் ஓடி வோபர்னுக்கு வந்து, கதிரையில் ஏறி, மணியின் பொத்தானை அமத்திப் பார்த்துவிட்டுப் போனார். மணி வேலை செய்தது. அதற்காக அவர் என்னைப் பாராட்டவில்லை.

இதெல்லாம் பத்திரிகையில் முதல் நாளே எனக்குச் சொல்லிக்கொடுத்த பாடம்தான் என்று நினைத்துக்கொண்டேன். எனக்குப் புதிதாகச் சொல்ல அவரிடம் ஒன்றுமில்லை என்றும் நினைத்தேன்.

கொரோனா அடங்கிய பிறகு வந்த இரண்டாவது கோடையில், காலியாக இருந்த மூன்றாவது அறைக்கு ஒருவர் வந்தார். இயற்பெயர் தில்லைநாதன். வெக்ஸ்போர்ட்டில் பதினெட்டு மாடி வாடகைக் கட்டடம் ஒன்றை இருபத்திரண்டு ஆண்டுகள் பராமரித்தவர். இந்த ஊரில் அந்த வேலைக்காரரைச் ‘சூப்பர்’ என்பார்கள். வேலை போன பிறகும் அவருக்கு அந்தப் பெயர் போகவில்லை. ஒரு பனிக்காலக் காலையில் ஒன்பதாம் மாடியில் சமையல் எண்ணெய் பற்றிக்கொண்டபோது, தீயணைப்பு வண்டி வருவதற்கு முன், எல்லாக் கதவுகளையும் திறக்கும் சாவியோடு மூன்று முறை மேலே ஏறிப் பதினொரு பேரைக் கீழே கொண்டுவந்தவர் அவர். பதினொரு பேரில் ஒருவர் சக்கர நாற்காலிக்காரர். சூப்பரின் முதுகில் வந்தார். நகரசபை பட்டயம் கொடுத்தது. நம்மவர்கள் பொன்னாடை போர்த்தினார்கள். அந்நாளில் இங்குள்ள தமிழ்ப் பத்திரிகை ஒன்றுக்கு ஓய்வு நேரத்தில் எழுதிக்கொண்டிருந்த நான் பேட்டி காணப் போனேன். அவர் கதவைத் திறந்து, மேலே தண்ணீர் ஒழுகுகிறது, நின்று கதைக்க நேரமில்லை என்று சொல்லி மூடிவிட்டார். அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு முக்கால் பக்கம் எழுதினேன்.

வோபர்னுக்கு வந்த அன்று என்னை ஏற இறங்கப் பார்த்தார். “நீர்தானே அந்தப் பேப்பர்காரன்? நான் சொல்லாததெல்லாம் எழுதினனீர்.”

தீப்பிடித்த அன்று குடித்த புகை அவருடைய நுரையீரலை விட்டுப் போகவில்லை. பிறகு இதயமும் களைத்தது. ஓய்வுபெற்றதும், வேலையோடு வந்த வீடு வேலையோடு போனது. ஒஷாவாவில் மகளோடு இரண்டு ஆண்டுகள் இருந்தார். பேஸ்மென்ட் படிகளில் இறங்க மகள் விடுவதில்லை என்பது அவர் அங்கிருந்து புறப்பட்டதற்குச் சொன்ன காரணம்.

இருநூறுக்கு மேற்பட்ட கதவுகளுக்குச் சாவி வைத்திருந்தவரிடம் இப்போது இரண்டு சாவிகள் இருந்தன. ஒன்று வாசலுக்கு, மற்றது அறைக்கு. அதை அவர் ஒத்துக்கொள்ளவில்லை. விடியற்காலையில் எழும்பி, குழாய் குழாயாகக் காதை வைத்துக் கேட்பார். முதல் மாதத்தில் ஒரு நாள் வாஷர் மாற்றுவதற்காக யாரிடமும் சொல்லாமல் வீட்டுத் தண்ணீரையே பூட்டிவிட்டார். அந்த நேரம் குளியலறையில் ரீச்சர் நின்றார், தலை முழுக்க ஷாம்போவோடு.

ரீச்சர் என்று நாங்கள் அழைத்தது சரஸ்வதி அன்ரியை. வட்டுக்கோட்டையில் கணக்குப் படிப்பித்தவர், எழுபத்திரண்டு வயது, கணவர் இல்லை. துவாயைத் தலையில் சுற்றிக்கொண்டு வெளியே வந்து சமையலறை வாசலில் நின்றார்.

“இது உங்கடை பில்டிங் இல்லை. நான் உங்களுக்கு வாடகை தாற ரெனன்ற்றும் இல்லை.”

“ரெனன்ற் எண்டா முதல் நாளே நோட்டீஸ் ஒட்டியிருப்பன்” என்றார் சூப்பர்.

மறுநாளிலிருந்து உண்மையாகவே ஒட்டத் தொடங்கினார். குளியலறைக் கதவில், குப்பைத் தொட்டியில், சப்பாத்து அடுக்கும் ராக்கையில், எல்லாவற்றிலும் பெரிய எழுத்தில் அறிவித்தல்கள். மூன்றாமவர் வேங்கடேசன் தஞ்சாவூர்க்காரர், வங்கியில் இருந்தவர். அவர் வீட்டுச் சூட்டைக் கூட்டிக்கொண்டே இருந்ததால், சூட்டை மாற்றும் பொத்தானுக்கு மேலே பூட்டுப் போட்ட பிளாஸ்டிக் பெட்டி ஒன்றைச் சூப்பர் பொருத்திவிட்டார். “என்ன சார் இது, ஜெயிலா?” என்று வேங்கடேசன் கேட்டார். “ஜெயிலிலை ஆக்கள் இவ்வளவு கதைக்கமாட்டினம்” என்று பதில் வந்தது. பெட்டியைக் கழற்ற எனக்கு ஒரு காலைப்பொழுது போயிற்று. வெள்ளிக்கிழமைகளில் சூப்பர் மீன் பொரிப்பார். பொரித்து முடிந்ததும் ரீச்சர் அடுப்பு முழுவதையும் மஞ்சள் தண்ணீர் தெளித்துத் துடைப்பார். சூப்பர் கதிரையில் இருந்தபடியே, அந்த மூலை விட்டுப்போச்சு ரீச்சர் என்று காட்டுவார்.

ஐப்பசியில் அவருடைய கால்கள் வீங்கின. இனி மாதக் கணக்குத்தான் என்றார் மருத்துவர். அந்த அறையில் நானும் அவருடைய மகளும் இருந்தோம். சூப்பர் ஒரு படிவம் கேட்டார். இதயம் நின்றால் மீண்டும் இயக்க முயற்சிக்கக் கூடாது என்ற படிவம். மருத்துவர் கையெழுத்திட வேண்டும். அம்புலன்ஸ்காரர் வரும்போது அதைக் கண்ணால் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் அப்படி ஒரு படிவம் இல்லை என்றுதான் அவர்கள் நடந்துகொள்வார்கள். நடந்தே ஆகவேண்டும்.

மகள் அழுதாள். அவர் அவளைப் பார்க்காமல் என்னிடம் சொன்னார். “இவளின்ரை தாயை நாப்பத்திரண்டு நாள் மெஷினிலை வைச்சிருந்தவை. நான் பக்கத்திலை இருந்தனான். பதினொரு பேரைத் தூக்கினது அவை கேட்டவை எண்டபடியாலை. கேக்காத ஆளைத் தூக்கிறது உதவியில்லை, தம்பி.”

மூலப் படிவம் பிரிட்ஜ் கதவில் இருக்க வேண்டும் என்பது விதி. எந்த வீட்டிலும் சுலபமாகக் கண்டுபிடிக்கக்கூடிய இடம் அது. வருபவர்களும் முதலில் அங்கேதான் பார்க்கிறார்கள். பிரதி ஒன்று பெவர்லியின் அலுவலகத்தில் கோப்புக்குள் இருந்தது. அந்த வாரமே பட்டியலில் ஏழாவது வரி சேர்ந்தது: ‘படிவம் பிரிட்ஜ் கதவில் உள்ளது.’

வீட்டுக் கூட்டத்தில் ரீச்சர் எழும்பினார். “நான் விடிய எழும்பிப் பால் எடுக்கிற கதவிலை சாவுக் கடதாசியோ?”

“சாகப்போறது நான் ரீச்சர். நீங்கள் பாலை எடுங்கோ.”

மேலே ஒரு கலண்டரையாவது தொங்கவிடலாமா என்று ரீச்சர் கேட்டார். நான் மொழிபெயர்த்தேன். பெவர்லி தலையை ஆட்டி மறுத்தார். மறைக்கக் கூடாது, நகர்த்தக் கூடாது. ரீச்சர் அதன் பிறகு பிரிட்ஜைத் திறக்கும்போது முகத்தைச் சற்றுத் திருப்பிக்கொள்வார். பெவர்லியின் விதிக்கு அது பொருந்தியிருந்தது. நானும் குறை சொல்லவில்லை.

தை மாதக் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ரீச்சரின் பேத்தியைக் கட்டப்போகிறவரின் வீட்டார் முதல் கலியாண அழைப்புக் காட்டை மூத்தவர் கையில் கொடுப்பதற்காகத் தட்டத்தோடு வோபர்னுக்கு வந்தார்கள். ஞாயிறு எனக்கு விடுமுறை. திங்கள் காலை நான் போனபோது வீட்டில் இன்னும் சந்தன வாசம் இருந்தது. பிரிட்ஜ் கதவில் பீட்சாக் கடைக் காந்தத்தின் கீழ் அந்தக் காட் இருந்தது. சிவப்பில் பொன்னிறப் பிள்ளையார். அச்சடித்த எதைக் கண்டாலும் கடைசி எழுத்துவரை வாசிப்பது என் பழக்கம். தேநீரைக் கையில் பிடித்தபடி நின்று வாசித்தேன். மண்டபத்தின் பெயர் இருந்தது. வீதியின் பெயர் இல்லை. அதைச் சொன்னேன். ரீச்சர் தலையில் கைவைத்தார். எல்லாக் காட்டும் அடிச்சாச்சே என்று உடனே மகளுக்கு அழைத்தார். எனக்கு அன்று முழுவதும் ஒரு சின்னப் பெருமிதம் இருந்தது.

பிறகு பட்டியலை எடுத்து ஏழாவது வரிக்கு நேரே சரி போட்டேன்.

செவ்வாயும் போட்டேன். புதன்கிழமை எட்டேகாலுக்கும் போட்டேன். மூன்று நாளும் அந்தக் கதவுக்கு ஓர் அடி தூரத்தில் நின்றேன். கதவில் இருந்ததை ஒரு வரி விடாமல் வாசித்தேன். இல்லாததைப் பார்க்கவில்லை.

அந்தப் புதன்கிழமை ஒன்பது இருபதுக்குச் சூப்பர் சமையலறையில் நின்று, மறுசுழற்சிக்கான நீலத் தொட்டிக்குள் வாழைப்பழத் தோலைப் போட்டது யார் என்று வேங்கடேசனை விசாரித்துக்கொண்டிருந்தார். பாதி வசனத்தில் நிறுத்தினார். கையிலிருந்த கோப்பையை முதலில் மேசையில் வைத்தார். ஓரத்தில் அல்ல, நடுவில் வைத்தார். பிறகு விழுந்தார்.

நான் குனிந்து பார்த்தேன். மூச்சு இல்லை. கழுத்தில் விரலை வைத்தேன். துடிப்பு இல்லை. வேங்கடேசன் ஏற்கெனவே அவசர எண்ணை அழுத்திக் கைபேசியை ஒலிபெருக்கியில் போட்டிருந்தார். நான் எழும்பி மூன்று அடி நடந்து பிரிட்ஜுக்குப் போனேன்.

பிள்ளையார் இருந்தார். காட்டைத் தூக்கினேன். பின்னால் வெறும் தகடு. பக்கவாட்டில் பார்த்தேன், மேலே தடவினேன், கீழே குனிந்து பார்த்தேன்.

“ரீச்சர், கடதாசி எங்கை?”

ரீச்சர் பேஸ்மென்ட் கதவோரத்தில் நின்றார். வாய் திறந்தது. சத்தம் வரவில்லை. கைபேசியில் ஒரு பெண் குரல் மார்பை அமத்தத் தொடங்குங்கள் என்று சொன்னது. மீண்டும் சொன்னது. படிவம் கையில் இல்லாவிட்டால் ஊழியர் தொடங்க வேண்டும். அந்த விதி எனக்கு மனப்பாடம். அந்த மனிதர் என்னிடம் சொன்னதும் மனப்பாடம். எவ்வளவு நேரம் பிரிட்ஜுக்கும் அவருக்கும் நடுவில் நின்றேன் என்று எனக்குத் தெரியாது. பிறகு அழைப்பின் ஒலிப்பதிவைக் கேட்டுக் கணக்கிட்டார்கள்: பத்தொன்பது விநாடி.

முழங்காலில் இருந்து அமத்தத் தொடங்கினேன். குரல் எண்ணியது. இரண்டாவது சுற்றில் என் உள்ளங்கைக்குக் கீழே ஒரு விலா எலும்பு போயிற்று. பச்சைக் கிளுவந்தடி முறிவதுபோல. குரல் நிறுத்தவேண்டாம் என்றது. நான் நிறுத்தவில்லை. குறை நினையாதேங்கோ அண்ணை என்று நான் சொல்லிக்கொண்டே இருந்ததாக வேங்கடேசன் பிறகு சொன்னார். எனக்கு ஞாபகம் இல்லை.

ஆறு நிமிடத்தில் ஆட்கள் வந்தார்கள். முதலில் வந்தது தீயணைப்பு வண்டி; இந்த நகரத்தில் பெரும்பாலும் அப்படித்தான். அவர்களின் பொறுப்பாளர் என் தோளைத் தொட்டு விலக்கிவிட்டு, படிவம் இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது என்றேன். காட்டுங்கள் என்றார். இந்தக் கதவில் இருந்தது, அவர் வேண்டாம் என்றவர், மருத்துவர் கையெழுத்திட்டபோது நானே பக்கத்தில் இருந்தேன் என்றேன். அவர் இன்னொருமுறை, பொறுமையாக, காட்டுங்கள் என்றார். பிரதி இருந்த அலுவலகம் இருபது நிமிடத் தூரத்தில் இருந்தது. அவர் தன் ஆட்களின் பக்கம் திரும்பினார். ஒருமுறை மின்சாரம் கொடுத்தார்கள். அம்புலன்ஸ்காரர் வந்தபோது இரண்டாவது முறை. துடிப்பு வந்துவிட்டது என்று யாரோ சொன்னார். அந்த அறையில் அதைக் கேட்டு ஒருவரும் மகிழவில்லை.

வண்டி போன பிறகு ரீச்சர் பேஸ்மென்ட்டுக்குள் இறங்கினார். திரும்பி வந்தபோது பிளாஸ்டிக் உறையோடு படிவம் அவர் கையில் இருந்தது. உடுப்புத் தோய்க்கும் இயந்திரத்துக்கு மேலே, சூப்பரின் அறிவித்தல் கடதாசிகளோடு வைத்திருந்தாராம். சம்பந்தப் பகுதி வரும்போது கண்ணில் படக்கூடாது என்றுதான் எடுத்தாராம்.

“அவை போனவுடனை திருப்பி வைக்கப் போனனான், தம்பி. கையிலையும் எடுத்தனான். பிறகு மனம் வரேல்லை. உது அங்கை இல்லாட்டிக் கொஞ்ச நாள் கூட இருப்பார் எண்டு நினைச்சுப்போட்டன்.”

நான் படிவத்தை வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டேன். வாசலில் நின்று சப்பாத்துப் போடும்போது ரீச்சர் பின்னால் வந்து தாழ்ந்த குரலில் சொன்னார். “நான் இண்டைக்குக் காலமைதான் எடுத்தனான் எண்டு சொல்லுறன். நீங்கள் பார்த்தது பார்த்ததாயே இருக்கட்டும். உங்கடை வேலை போகக்கூடாது.”

மறுநாள் காலை பெவர்லியின் அறைக்குப் போனேன். மூன்று பட்டியல்கள் மேசையில் பக்கத்துப் பக்கமாக இருந்தன. அடிமட்டம் மூன்றாவதின் மேல் கிடந்தது. படிவம் காணாமல் போனது எப்போது என்று கேட்டார்.

வசனம் தயாராக இருந்தது: புதன்கிழமை எட்டேகாலுக்கு இருந்தது. எட்டேகால் என்ற நேரம் பட்டியலிலும் இருந்தது. அதைச் சொல்லியிருந்தால் குற்றம் முழுவதும் எழுபத்திரண்டு வயதுப் பெண் ஒருவருடையதாகும். அவரும் ஆம் என்பார். எனக்கு அப்போது ஓய்வூதியத்துக்கு இன்னும் மூன்று ஆண்டுகள் இருந்தன. பெவர்லி என் முகத்தைப் பார்க்கவில்லை. பட்டியலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“பார்த்தீர்களா?”

இல்லை என்றேன். மூன்று நாளும் பார்க்கவில்லை. ஞாயிறே எடுக்கப்பட்டுவிட்டது.

அவர் பேனாவின் மூடியைப் பூட்டினார். பிறகு அதைத் திறந்து எழுதத் தொடங்கினார். எழுத்து மூலமான எச்சரிக்கை ஒன்று. மூன்று மாதங்களுக்குப் பொறுப்பாளர் பதவி இல்லை. எல்லா வீடுகளிலும் ஏழாவது வரிக்குப் படம். படிவத்தின் பிரதிகள் மூன்று இடங்களில். எழுதி முடித்துவிட்டு, அந்த வீட்டில் நான் தொடர்ந்து வேலை செய்யலாமா என்பதைத் தான் தீர்மானிக்கப் போவதில்லை என்றார். படுத்திருப்பவரிடம் கேட்பாராம். அதற்கு முன் நடந்ததை நானே போய் அவருக்குச் சொல்ல வேண்டும்.

நான்காம் நாள் சுவாசக் குழாயை எடுத்தார்கள். ஆறாம் நாள் போனேன். மகள் வெளியே தாழ்வாரத்தில் இருந்தாள். என்னைக் கண்டதும் எழும்பி மறுபக்கம் நடந்தாள். அது நியாயம்.

சூப்பரின் குரல் உமிக் கடதாசிபோலச் சொரசொரத்தது. “ஆர் அமத்தினது?”

“நான்தான், அண்ணை.”

“கடதாசி?”

காட்டையும் தட்டத்தையும் தோய்க்கும் இயந்திரத்தையும் மூன்று சரிகளையும் சொன்னேன். ரீச்சர் என் வேலைக்காகப் பொய் சொல்ல முன்வந்ததையும் சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். மூச்சை இழுக்கும் ஒவ்வொரு முறையும் உடைந்த விலாவின் பக்கம் முகம் சுருங்கியது. அதைப் பார்க்காமல் இருக்க எனக்கு உரிமை இல்லை என்று நினைத்து, பார்த்துக்கொண்டிருந்தேன்.

“நீர் முந்தியும் பாராமல்தான் எழுதினனீர்” என்றார்.

நான் எழும்பும்போது, “அந்த ரீச்சர் மனிசிக்குச் சொல்லும், நான் அங்கைதான் வாறனெண்டு” என்றார். பெவர்லியிடம் என்ன சொன்னார் என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. திங்கட்கிழமை வழக்கம்போல வேலைக்குப் போகும்படி செய்தி வந்தது.

மூன்று வாரம் கழித்து, சக்கர நாற்காலியில், மூக்கில் ஒட்சிசன் குழாயோடு திரும்பினார். மேற்சட்டையைக் கழற்றுமுன் படிவத்தைக் கேட்டு வாங்கினார். பொதி ஒட்டும் அகல நாடாவால் நாலு பக்கமும் பிரிட்ஜ் கதவில் தானே ஒட்டினார். மூச்சு வாங்கியது. நாங்கள் மூவரும் நின்றோம். உதவ யாரும் துணியவில்லை. பிறகு நாற்காலியைத் திருப்பி ரீச்சரைப் பார்த்தார்.

“உங்களை ஏசிப் பேசப்போறனெண்டு நினைக்கிறியள். மூச்சில்லை.”

“பேசுங்கோ” என்றார் ரீச்சர்.

“எனக்கு வேண்டாமெண்டதை ரெண்டு பேருமாச் சேர்ந்து செய்தியள். இவர் பாராமல் செய்தவர். நீங்கள் பார்த்துச் செய்தனீங்கள். அடுத்தமுறை ஆர் கிட்ட நிண்டாலும் கையைக் கட்டிக்கொண்டு நிக்கோணும். ஏலுமெண்டாச் சொல்லுங்கோ. ஏலாதெண்டா நான் ஒஷாவாவுக்குப் போறன். படிக்கட்டும் வேண்டாம், ஒண்டும் வேண்டாம்.”

வேங்கடேசன் உடனே தலையாட்டினார். ரீச்சர் ஆட்டவில்லை.

“உடனை ஓமெண்டு சொல்ல எனக்கு ஏலாது” என்றார். “நாளைக்குச் சொல்லுறன்.”

மறுநாள் நான் எட்டு மணிக்குப் போனபோது ரீச்சர் பிரிட்ஜின் முன் நின்றார். விடைத்தாள் திருத்துபவர்போல விரலை வைத்துப் படிவத்தை மேலிருந்து கீழே வாசித்துக்கொண்டிருந்தார். இரண்டு ஆங்கிலச் சொற்களுக்குப் பொருள் கேட்டார். சொன்னேன். கதவைத் திறந்து பாலை எடுத்துக்கொண்டு சூப்பரின் அறை வாசலுக்குப் போய், “ஓம், ஏலும்” என்றார். உள்ளிருந்து, அப்ப தேத்தண்ணி போடுங்கோ என்ற சத்தம் வந்தது.

அதன்பின் நாலு மாதங்களுக்கு மேல் இருந்தார். நான் அமத்தியதால் கிடைத்த மாதங்கள் என்று சிலர் சொல்கிறார்கள். அவர் அப்படிச் சொல்லவில்லை. இருமும்போதெல்லாம் விலாவைப் பிடித்துக்கொண்டு என்னைத்தான் பார்ப்பார். இந்த மாதங்கள் கிடைத்ததில் சந்தோசமா என்று ஒருமுறை நானே வாய்விட்டுக் கேட்டேன். இது நான் கேட்ட காலமில்லை, தம்பி, குடுத்தாச்சு எண்டு இருக்கிறன் என்றார். சித்திரையில் ரீச்சரின் பேத்தியின் கலியாணத்துக்கு எங்கள் மூவரோடும் வந்தார். தாலி கட்டும் நேரத்தில் ஆளைக் காணவில்லை. தேடிப் போனால், மண்டபத்தின் பின்பக்க அவசரக் கதவில் யாரோ சங்கிலி போட்டிருந்ததைக் காட்டி மண்டப முகாமையாளரோடு நின்று வாதாடிக்கொண்டிருந்தார். சங்கிலி கழற்றப்படும்வரை அவ்விடத்தை விட்டு நாற்காலியைத் தள்ள விடவில்லை. சாப்பாடு ஆறிவிட்டது என்று ரீச்சர் ஏசினார். முந்நூறு பேர் ரீச்சர், முந்நூறு பேர் என்று சொல்லிக்கொண்டே சாப்பிட்டார்.

ஆனி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை எட்டு மணிக்கு நான் வாசலைத் திறந்தபோது வீட்டில் சத்தம் இல்லை. வேங்கடேசன் இன்னும் எழும்பவில்லை. சூப்பரின் அறைக் கதவு திறந்திருந்தது. கட்டிலுக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டுக்கொண்டு ரீச்சர் இருந்தார். கட்டிலில் அவர் இருந்த நிலையைப் பார்த்ததும் தெரிந்தது. கைபேசி ரீச்சரின் மடியில் கிடந்தது. அவசர எண்ணுக்கு அல்ல, வீட்டுக்கு வந்து அவரைப் பார்த்துப்போகும் தாதியின் எண்ணுக்கு அழைத்திருந்தார். தாதி வந்துகொண்டிருந்தார்.

விடிய இருமல் கேட்டு எழும்பி வந்தாராம். சூப்பர் கையால் கதிரையைக் காட்டினாராம். அவ்வளவுதான்.

“எவ்வளவு நேரம் ரீச்சர்?”

“அரை மணித்தியாலம் இருக்கும். முடிஞ்சது ஏழு பத்துக்கு. மணிக்கூட்டைப் பார்த்தனான், நீங்கள் கேப்பியள் எண்டு.” அவர் எழும்பவில்லை. கதிரையில் ஒரு மாதிரி முன்னால் சரிந்து, இரண்டு கைகளையும் தொடைகளுக்குக் கீழே வைத்து அவற்றின் மேல் இருந்தார். “இப்பிடித்தான் இருந்தனான். வெளியிலை விட்டிருந்தா இந்தக் கை அமத்தப் போயிருக்கும், தம்பி.”

அவர் கைகளை மெல்ல வெளியே எடுத்துவிட்டேன். கதிரையின் பின்னல் பதிந்து இரண்டும் வெளுத்திருந்தன. விரல்களை மடக்க அவருக்குச் சிறிது நேரம் பிடித்தது.

தாதி வருவதற்குள் அறிக்கையை எடுத்தேன். நேரம் என்ற கட்டத்தில் ஏழு பத்து என்று எழுதினேன். கீழே ஒரு வரி சேர்த்தேன்: நான் பார்க்கவில்லை. திருமதி சரஸ்வதி பார்த்தார்.